கோர்ட் கலையும் வரை

வாய் மூட மாட்டேன் என்றது.

ஜெயசுதா அப்பாவின் தாடையை உள்ளங்கையால் மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருந்தாள். பெரியசாமி சித்தப்பா வெள்ளைத் துணியைத் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். முடிச்சு விழுந்தது என்று அவள் கையை எடுத்தாள். துணி நழுவியது. வாய் மறுபடி திறந்துகொண்டது. ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி கிடந்தார் அரியமுத்து.

"நல்லா அழுத்திப் புடி ஆயி. வெறச்சுப் போச்சுன்னா அப்பறம் பெரம்மதேவனே வந்தாலும் மூட முடியாது."

அழுத்தினாள். பல்லோடு பல் முட்டியது. அந்தச் சின்னச் சத்தம் அவள் முழங்கை வரைக்கும் ஏறியது. பெரியசாமி இந்த முறை இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினார். பிறகு கீழே போய்க் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பொன்னுத்தாய் அழவும் இல்லை, பேசவும் இல்லை. அப்பாவின் தலைமுடியை விரலால் கோதிக்கொண்டே இருந்தாள்.

வாசலில் பந்தல்கால் நட ஆள் வந்துவிட்டது. சாவு வீட்டில் அழுது முடிக்கக்கூட விடமாட்டார்கள், அதற்குள் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஐஸ் பெட்டிக்குப் போன் போட்டாச்சா, மேளத்துக்குச் சொல்லியாச்சா, மருமகன் எங்கே வருகிறான். மருமகன் ராஜதுரை அரியலூரில் பஸ் ஏறிவிட்டான். அங்கே சிமெண்ட் ஆலையில் அவனுக்கு ஷிப்டு வேலை. மாமனார் படுத்த படுக்கையானதும் ஜெயசுதாவைக் கொண்டுவந்து விட்டுப் போனவன், இப்போது மாமனாரை எடுக்க வருகிறான்.

பெரியசாமி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து குத்தவைத்தார். அவர் அப்பாவுக்குப் பங்காளி வகையில் தம்பி. அந்தக் கூட்டத்தில் மூத்த தலை.

"கொள்ளி யாரு வைக்கிறதுன்னு ஒன்னு இருக்குல்ல ஆயி" என்றார்.

அரியமுத்துவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. ஆண்பிள்ளை இல்லாதவனுக்குத் தம்பி மகன்தான் மகன். இது அந்தப் பங்காளிகளுக்குள் காலங்காலமாக இருக்கிற முறை. கூடப் பிறந்த தம்பி போய்ச் சேர்ந்துவிட்டாலும், தம்பி மகன் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இருந்தான். பெயர் பூவரசன். வீடு அதே தெருவின் கோடியில். வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"அண்ணன் கடைசியா எதாச்சும் சொன்னாரா? பூவரசனப் பத்தி?"

பந்தல்காரன் கடப்பாரையை ஓங்கியபடி நின்றான். ஒப்பாரிக்கு வந்த பெண்கள் மூக்கைச் சிந்துவதை நிறுத்தினார்கள். ஊர் முழுக்க அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தது.

"சொன்னாரு" என்றாள் ஜெயசுதா. "அவன் கை எம்மேல படக்கூடாது, அவன் கொள்ளி வைக்கக் கூடாதுன்னாரு."

அம்மாவின் விரல் அப்பாவின் முடிக்குள் நின்றுபோனது. தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

அடிப் பாவி மகளே! அரியமுத்து அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அவர் சொன்னது வேறு. முந்தின நாள் சாயங்காலம், கஞ்சித்தண்ணியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தபோது, "பூவரசன வரச் சொல்லு" என்றார். "சரிப்பா" என்று சொல்லி அடுத்த ஸ்பூனை ஊட்டினாள். விடிந்ததும் கண்ணைத் திறந்து, "வந்துட்டானா?" என்றார். "வருவான்ப்பா" என்றாள். அவள் யாரையும் அனுப்பவில்லை. வெயில் ஏற ஏற மூச்சு இழுத்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே நின்றுவிட்டது. கண்களை அவள்தான் மூடினாள். வாய்தான் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

ஏன் அனுப்பவில்லை? பயம். அவன் வந்து கட்டிலோரம் நின்றால், அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு "போவட்டும் விடுறா" என்று சொல்லிவிடுவார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அந்தச் சதை ஆடிவிடும். கோர்ட் அவனை விட்டது. அப்பாவும் விட்டுவிட்டால், செவலைக்காகக் கேட்க இந்த உலகத்தில் ஒரு நாதி இருக்காது. அந்த ஆங்காரம்தான் அவளை வாய் திறக்க விடவில்லை.

செவலை அந்த வீட்டு மாடு. பேருக்கு ஏற்ற நிறம், சாதுவான மாடு, தெருப்பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோடும்.

மூன்று வருசத்துக்கு முந்தின கார்த்திகைக் கடைசி. மக்காச்சோளம் பால் பிடித்திருந்த நேரம். ரஞ்சன்குடிப் பக்கத்துக் கரட்டிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி, கதிரைத் தின்றது கொஞ்சம், சாய்த்துப் போட்டது பாதி என்று அட்டகாசம் பண்ணிக்கொண்டிருந்தன. பூவரசன் எங்கிருந்தோ அவுட்டுக்காய் வாங்கி வந்தான். வெடிமருந்தையும் கல்லையும் வைத்து உருட்டி, மேலே வெல்லப்பாகு தடவியிருப்பார்கள். பன்றி கடித்தால் வாய்க்குள்ளேயே வெடிக்கும்.

"வேணாண்டா" என்று அரியமுத்து படித்துப் படித்துச் சொன்னார். "பன்னியும் உசுருதான். வாய்க்குள்ள வெடி வைக்கிறது மனுசன் செய்யற காரியமா? தகரத்தத் தட்டுவோம். காவலுக்கு நானும் வந்து படுக்கறேன்."

"தகரத்துக்கு அதுங்க டான்ஸ் ஆடிட்டுப் போவுது பெரியப்பா" என்று சிரித்தான் பூவரசன். ஒரு விவசாயி சிரிப்புக்குப் பின்னால் என்ன வயிற்றெரிச்சல் இருக்கும் என்று அரியமுத்துவுக்கும் தெரியும். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

விடிகாலையில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கார்த்திகைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த ஜெயசுதா, யாரோ மிச்சப் பட்டாசைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வாசல் தெளித்தாள். கொஞ்ச நேரத்தில் செவலை தானாக நடந்து வீட்டுக்கு வந்தது. ராத்திரி கயிறு அவிழ்ந்து வரப்பில் மேயப் போயிருக்கிறது.

கீழ்த்தாடை இல்லை.

அது நேராகத் தண்ணித் தொட்டிக்குத்தான் போனது. முகத்தை உள்ளே விட்டது. குடிக்க வாய் வேண்டுமே! தண்ணீர் சிவந்தது. முகத்தை எடுத்து இவர்களைப் பார்த்தது. கன்றுக்குட்டி ஒன்றும் தெரியாமல் துள்ளி வந்து மடியில் முட்டியது, செவலை காலை அகட்டி நின்று பால் கொடுத்தது. கழுத்தைத் திருப்பி அதை நக்கப் பார்த்தது. நாக்கு இருந்த இடத்தில் சதைதான் தொங்கியது. கன்றின் முதுகில் ரத்தத்தைப் பூசியது. கத்தவும் முடியவில்லை. தொண்டையிலிருந்து கரகரவென்று காற்று மட்டும் வந்தது. டாக்டர் வந்து ஊசி போடும்வரை அந்தக் காற்றைக் கேட்டுக்கொண்டே நின்றாள் ஜெயசுதா. ஊசி இறங்கும்போது அப்பா செவலையின் நெற்றியைத் தன் மடியில் அணைத்துப் பிடித்திருந்தார்.

தெருக்கோடியிலிருந்து பூவரசன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினான். "நான் பன்னிக்கு வச்சேன். மாட்ட அவுத்து வுட்டது யாரு தப்பு? வேணும்னா மாட்டு வெலையக் குடுத்துடறேன்."

அரியமுத்து ரத்தக்கறை வேட்டியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "ஒரு மாட்டுக்காவ சொந்த ரத்தத்தக் கோர்ட்டுக்கு இழுக்கறாரு பாரு" என்றது ஒரு கூட்டம். "மாட்டுக்கு ஜெயிலுன்னா, பன்னி தின்ன சோளத்துக்கு எந்தக் கோர்ட்டு வரும்?" என்றது டீக்கடை. "நாலு பேர உள்ள தள்ளுனாத்தாங்க அஞ்சாவது ஆளு யோசிப்பான்" என்று அவர் பக்கம் பேசியவர்களும் இருந்தார்கள், ஆனால் சாட்சிக்கூண்டுக்கு வரச்சொன்னபோது அவர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் அறுவடை வந்தது.

வாய்தா, வாய்தா, வாய்தா. பெரம்பலூருக்குப் போகிற காலை பஸ் ஒன்றுதான். வாதியும் பிரதிவாதியும் அதே பஸ்ஸில் போய் அதே பஸ்ஸில் திரும்பினார்கள். பெரியப்பா பின்பக்கம், மகன் முன்பக்கம். ஒருத்தருக்கொருத்தர் ஒரு பேச்சு கிடையாது. வெடி எங்கே வாங்கினான் என்பதற்குச் சாட்சி இல்லாமல் அந்தக் கேசு கழன்று போயிற்று. மாட்டுக் கேசு மட்டும் நின்றது. "இந்தச் செக்‌ஷன்ல அஞ்சு வருசம்கூடப் போடலாங்க. போடணுமே!" என்று வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

கடைசியில் பூவரசன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டபோது அரியமுத்து எழுந்து நின்றார். "அவன் எங்க வூட்டுப் புள்ளதாங்க. அவன் நாசமாப் போவணும்னு நான் வரல. ஆனா செஞ்சதுக்குன்னு ஒன்னு இருக்கணும்ங்களே. இல்லன்னா அது ஒன்னுமே இல்லன்னு ஆயிடுங்களே" என்றார்.

தீர்ப்பு வந்தது. முதல் குற்றம், விவசாயி, குடும்பஸ்தன். கொஞ்சம் அபராதம், அது ஒரு மூட்டை யூரியா விலைக்குக்கூடக் காணாது. அதோடு கோர்ட் கலையும் வரை காவல். அதாவது சாயங்காலம் ஜட்ஜ் எழுந்து போகிறவரைக்கும் அவன் கோர்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அரியமுத்து வீட்டுக்குக் கிளம்பவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கோர்ட் கலைந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

"அப்பீலுக்குப் போலாம்ப்பா" என்று ஜெயசுதா போனில் கத்தினாள். "பாப்போம்" என்றார். அந்தப் பேச்சு அதோடு சரி. கன்றைக் குரும்பலூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். ஆனால் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், வெறும் கொட்டகையில் இருந்த தண்ணித் தொட்டியை நிரப்ப ஆரம்பித்தார். "யாருக்குங்க?" என்று பொன்னுத்தாய் கேட்டுப் பார்த்தாள். அவர் அடுத்த குடத்தை ஊற்றினார். அந்தி நேரத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்கள் இருட்டினால் அந்தக் கொட்டகை வழியாகப் போகமாட்டார்கள்.

ஜெயசுதாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இன்று காலை அப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது கேட்ட கரகரப்பு இருக்கிறதே, அது அவள் காதுக்குப் பழக்கமான சத்தம். செவலையின் தொண்டைக் காற்று போல அப்படியே இருந்தது. இதைக் கேட்டுக்கொண்டு எப்படி அந்தப் பாவியைக் கூப்பிட்டு அனுப்புவாள்?

மத்தியானம் பூவரசன் வந்தான். மேல்சட்டை இல்லை. இடுப்பில் துண்டு. தலையை மழித்திருந்தான். யாரும் சொல்லாமலே மகன் முறைக்குத் தயாராகி வந்திருந்தான். பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றான். ஐஸ் பெட்டியின் உறுமலைத் தவிர எல்லாச் சத்தமும் அடங்கிப்போயிற்று.

பெரியசாமி அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். என்ன பேசினார் என்பது ஜன்னலோரம் நின்ற ஜெயசுதாவுக்குக் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. கோர்ட்டுத் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு. செத்தவர் வாக்குக்கு அப்பீல் கிடையாது. பெரியப்பன் பிணத்தைத் தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவனைப் பங்காளிகள் அப்புறம் குலதெய்வப் படையலுக்குக் கூப்பிடமாட்டார்கள். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகமாட்டார்கள். அவனோடு முடிகிற விசயமும் இல்லை, அவன் பிள்ளைகள் காலத்திலும் பேச்சு நிற்கும். ஜெயசுதாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு சொல்லில் முடித்துவிட்டாள் பாருங்கள், மூன்று வருசம் கோர்ட்டு செய்யாததை!

பூவரசன் தலையை ஆட்டினான். திரும்பிப் போனான்.

ஜெயசுதா குடிதண்ணீர்க் குடத்தை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனபோது அந்தச் சத்தம் கேட்டது. கொட்டகைக்குள், தொட்டியில், தண்ணீர். நின்ற இடத்திலேயே நின்றாள். பட்டப்பகல். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

பூவரசன் குடத்தைச் சாய்த்துத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இங்க என்ன வேல ஒனக்கு?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "காஞ்சு கெடந்துச்சு ஜெயா. பெரியப்பா படுத்ததுலேருந்து யாரும் ஊத்தல."

"மாடே இல்ல. தண்ணி யாரு குடிக்க?"

"தெரியல. அவரு ஊத்துவாரு. நான் அங்கேருந்து பாப்பேன்." குடத்தைக் கீழே வைத்தான். மழித்த தலையில் வியர்வை வழிந்தது. "சித்தப்பா சொன்னாரு. பெரியப்பா சொல்லிட்டுப் போனத."

அவள் நிரம்பிய தொட்டியைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றான்.

"என்னா நல்லது?"

அவன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். "கோர்ட்டுல என்னைய சாயந்தரம் வரைக்கும் ஒக்காரச் சொன்னாங்க. ஃபேனுக்கடியில ஒக்காந்திருந்தேன். போலீஸ்காரரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கியாந்து குடுத்தாரு. அடச்சீ, இவ்ளோதானா தண்டனன்னு தின்னேன். திரும்பிப் பாத்தா பெரியப்பா. அவரு பச்சத் தண்ணி குடிக்கல. அஞ்சு வருசம் போட்டிருந்தா போயி கழிச்சிட்டு, தீந்துச்சுடா சாமின்னு வந்திருப்பேன். எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க ஜெயா. நான் இன்னும் அங்கேயேதான் ஒக்காந்திருக்கேன்."

"நடிக்காத."

"நடிக்கல. ஒன்னு சொல்றேன், போலீஸ்லயும் சொல்லல, கோர்ட்லயும் சொல்லல." அவன் குரல் உள்ளே போனது. "அன்னிக்கு வெடிச்சப்பறம் செவல என்னத் தாண்டித்தான் வந்துச்சு. வரப்புல நின்னு என்னப் பாத்துச்சு. சோளம் போடுற கைதானேன்னு கிட்ட வந்துச்சு. நான் சோளக் கொல்லைக்குள்ள பூந்து குத்தவச்சிட்டேன். அது நின்னு நின்னு பாத்துட்டுப் போச்சு. போறவரைக்கும் மூச்சு வுடல. பன்னிக்கு வச்சது தப்போ சரியோ. ஒளிஞ்சேன் பாரு, அதுக்கு எந்தச் செக்‌ஷன்?"

வெளியே மேளம் ஒருமுறை அதிர்ந்து நின்றது. தோலுக்குச் சூடு காட்டுகிறார்கள்.

"இப்பத்தான் பெரியப்பா தீர்ப்பு சொல்லியிருக்காரு" என்றான். முகம் தெளிந்திருந்தது. கண்ணில் தண்ணீர், ஆனால் உடம்பிலிருந்து எதையோ இறக்கி வைத்தவன் போல இருந்தான். "கை படக்கூடாது. சரிதான். இதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். இனிமே தூங்குவேன் ஜெயா."

தூங்குவானாம்! ஜெயசுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகாராசன் இனிமேல் தூங்குவானாம். அவள் பாறாங்கல்லைத் தூக்கிப் போட்டதாக நினைத்தாள், அவன் அதைத் தலையணையாக வைத்துக்கொண்டான். எந்தத் தண்டனை கொடுத்தாலும் இப்படித்தானா? வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவானா? குடத்தைக்கூட எடுக்காமல் திரும்பினாள்.

உள்ளே வாய்க்கரிசி போட ஆரம்பித்திருந்தார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பந்தலில் கிடத்தி, குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தியிருந்தார்கள். ராஜதுரை வந்து ஓரமாக நின்றிருந்தான். கட்டிய வாயில் அரிசி எங்கே போகும்? எல்லோரும் உதட்டின் மேல் போட்டார்கள். அது இரண்டு பக்கமும் சரிந்து கழுத்தடியில் குவிந்தது. ஜெயசுதா தன் பங்கு அரிசியைப் போடக் குனிந்தாள். பக்கத்தில் அம்மா.

"அவரு சொன்னதா நீ சொன்னியே, அதுதான் எனக்குக் கேக்கல" என்றாள் பொன்னுத்தாய், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அவரு சொன்னது கேட்டுச்சு."

ஜெயசுதாவின் கையில் அரிசி நின்றது.

"அடுப்படி என்ன காசியிலயா இருக்கு? நேத்து சாயந்தரமும் கேட்டுச்சு. இன்னிக்குக் காலையிலயும் கேட்டுச்சு. நீ அனுப்பிருப்பேன்னு நான் கஞ்சி ஆத்திக்கிட்டிருந்தேன்."

"அம்மா, அவன மன்னிச்சுருவாருன்னு..."

"மன்னிப்பாரோ, செருப்பால அடிப்பாரோ. அது அவரு பாடு." பொன்னுத்தாயின் குரல் உடைந்தது, அன்றைக்கு முதல் தடவையாக. "மூணு வருசமா யோசிச்சு ஒரு வார்த்த வச்சிருந்தாருடி அந்த மனுசன். அத வாங்கிக்க ஆளு வுடாம அடச்சிப்புட்டியே. வாய கட்டிப்புட்டியே."

ஜெயசுதா அரிசியைப் போடவில்லை. எழுந்தாள். ராஜதுரை "என்னாச்சு?" என்று வந்ததைக் கையால் விலக்கினாள். பெரியசாமி கொள்ளிச்சட்டியில் கங்கு வைத்து ஊதிக்கொண்டிருந்தார், தான் வைப்பதாக முடிவு செய்து துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அவர் முன்னால் போய் நின்றாள்.

"சித்தப்பா, அப்பா அப்படிச் சொல்லல."

"எப்புடிச் சொல்லல?"

"பூவரசண்ணன் கொள்ளி வைக்கக் கூடாதுன்னு சொல்லல. நான்தான் சொன்னேன். அவரு அண்ணன வரச் சொல்லுன்னு சொன்னாரு. ரெண்டு தடவ. நான் சொல்லி அனுப்பல."

மூன்று வருசத்துக்குப் பிறகு அவள் வாயில் 'அண்ணன்' என்று வந்தது. அவளே கவனிக்கவில்லை.

"அடி நாசமாப் போறவளே!" பெரியசாமி கங்கு கிளறிய குச்சியைத் தரையில் அடித்தார். "பொணத்த நடுவூட்டுல போட்டுக்கிட்டு, செத்தவன் பேருல பொய் சொன்னியா? இதெல்லாம் வெளையாட்டா? படிச்ச பொண்ணாடி நீ?"

"திட்டுங்க சித்தப்பா" என்றாள். அழுகை வந்தது. திட்டினால் தேவலாம் போல இருந்தது.

சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து பூவரசன் வந்திருந்தான். பந்தலோரத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சற்றுமுன் இருந்த தெளிவு ஒவ்வொன்றாக வடிந்ததை அவள் பார்த்தாள். பழைய முகம் திரும்பி வந்தது. இன்னும் மோசமாக.

"வரச் சொன்னாரா?" என்றான்.

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

"தெரியலண்ணே. நான் கேக்கல."

இந்த உண்மையை எதற்காகச் சொன்னாள்? அப்பாவின் வார்த்தை அப்பாவிடமே திரும்பிப் போகட்டும் என்றா? இவனுடைய தூக்கத்தைப் பிடுங்கவா? ஜெயசுதாவைச் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும் ஒரே சமயத்தில் அவள் நெஞ்சில் இருந்தன.

பெரியசாமிதான் முதலில் அசைந்தார். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும், சாவு யாருக்காகவும் காத்திருக்காது. "வாடா" என்றார் பூவரசனிடம். "வந்து அரிசி போடு. செத்தவன் கூப்புட்டிருக்கான், வந்து நில்லு."

பூவரசன் மெதுவாக வந்தான். பெரியப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டான். அரிசியை அள்ளி, அந்த உதட்டுக்கு மேலே கையைக் கொண்டுபோனான். போடவில்லை. குனிந்து அந்த முகத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தான். ஒப்பாரிப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தர் அவன் தோளைத் தொட்டுத் தூக்க வேண்டியிருந்தது.

பாடை எழுந்தது. மேளம் முழங்கியது. கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு பூவரசன் முன்னால் நடந்தான். பின்னால் பாடை, அதற்குப் பின்னால் தலைவிரித்து அழும் பெண்கள். தெருக்கோடி வந்தது, அவன் வீட்டைத் தாண்டி முச்சந்தி. பெண்கள் அதற்கு மேல் வரக்கூடாது. "பொம்பளைங்க நின்னுக்குங்க" என்று யாரோ கத்தினார்கள். பாடையை இறக்கித் தலைமாடு கால்மாடு மாற்றினார்கள்.

அந்த இடைவெளியில் பூவரசன் திரும்பினான். கூட்டத்துக்கு மேலாக ஜெயசுதாவைத் தேடினான். சட்டியின் புகை அவன் கண்ணைக் கரிக்க, இமைக்காமல் பார்த்தான்.

"திட்டத்தான் கூப்புட்டிருப்பாரு. இல்ல ஜெயா?" என்றான்.

அந்தக் குரலில் ஆசை இருந்தது. தலையை ஆட்டு, ஒரே ஒரு தடவை ஆட்டிவிடு என்கிற கெஞ்சல். சும்மா ஆட்டியிருக்கலாம். ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொன்று பெரிய காரியமா? ஜெயசுதாவின் கழுத்து அசையவில்லை. அவளுக்கும் அதுதான் தெரிந்தாக வேண்டியிருந்தது, அவளையும்தான் அப்பா அந்தக் கேள்வியோடு விட்டுவிட்டுப் போகிறார்.

"நடப்பா, நடப்பா" என்று அவனைத் திருப்பிவிட்டார்கள். மேளம் மறுபடி எடுத்தது. ஆண்கள் போனார்கள்.

"வாங்கடி, வூட்டக் கழுவி விடணும்" என்று பெண்கள் திரும்பினார்கள். மேற்கே போகிற கூட்டத்திலிருந்து காற்று கொள்ளிச்சட்டிப் புகையை இந்தப் பக்கமாகக் கொண்டுவந்தது. பொன்னுத்தாய் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள். ஜெயசுதா மூடிக்கொள்ளாமல் அங்கேயே நின்றாள்.